காகம் ஏன் ‘கரைகிறது’? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் பறவை, விலங்கின் சத்தத்துக்கு எந்தச் சொல் என்று சொல்லும் ஒலி மரபுப் பாடம் வரும் ஒவ்வொரு வருடமும் வகுப்பு ஒரே இடத்தில் தடுக்கி நிற்கும்: ‘காகம் கரையும்’. குயில் கூவும் என்றால் தலையாட்டுகிறார்கள். ஆந்தை அலறும் என்றால் சிரிக்கிறார்கள். காகம் கரையும் என்றதும் கை உயர்கிறது. பிள்ளைகளும் பெற்றோரும் சில ஆசிரியர்களும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

‘காகம் கத்தும்’ என்று எழுதினால் பிழையா?

பரீட்சைத் தாளில் பிழை. வீட்டில் பிழையில்லை.

மலையகத்தில் யாரும் ‘காக்கா கரையுது’ என்று பேசி நான் கேட்டதில்லை. ‘காக்கா கத்துது’ என்பதுதான் லயத்துப் பேச்சு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பேச்சு. ஒருமுறை ஒரு மாணவிக்கு இந்தக் கேள்வியில் புள்ளி குறைந்துவிட்டது. மறுநாள் அவளுடைய அம்மா கொழுந்து மலைக்குப் போகிற வழியில் கூடையோடு வந்து நின்று கேட்டார்: “எங்க வீட்டுக் கூரையில தெனமும் கத்துதுங்க சேர். ஒரு நாளும் கரையல. புள்ள கண்டதத்தான எழுதியிருக்கா?”

நியாயமான கேள்வி. கத்துதல் என்பது பொதுச் சொல். ஆடும் கத்தும், தவளையும் கத்தும், கோபம் வந்தால் நானும் கத்துவேன். யார் கத்தினாலும் அந்தச் சொல் பொருந்திவிடும். கரைதல் அப்படியில்லை. அதற்குள் காகம் என்ன செய்கிறது என்பதும் இருக்கிறது. புள்ளி குறைத்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குள் ஓர் உறுத்தல் உண்டு. விளக்காமல் குறைத்தது பிழைதான்.

அப்படியென்றால் கரைதல் என்பதற்கு என்ன பொருள்?

அழைத்தல். சத்தம் போடுதல் என்பதும் உண்டு, அழுதல் என்பதும் உண்டு, பழைய செய்யுள்களில் சொல்லுதல் என்பதும் உண்டு. ஆனால் காகத்தோடு வரும்போது அழைத்தல் என்று எடுத்துக்கொண்டால்தான் பாட்டுகள் விளங்கும்.

திருக்குறளில் சுற்றந்தழால் அதிகாரத்தில் வருகிற 527ஆவது குறள் எல்லாருக்கும் தெரிந்தது:

காக்கை கரவா கரைந்துண்ணும் ஆக்கமும்
அன்னநீ ரார்க்கே உள.

கரவா என்றால் ஒளிக்காமல். கரைந்து என்றால் கூப்பிட்டு. கிடைத்ததை மறைக்காமல் இனத்தைக் கூப்பிட்டுச் சாப்பிடுகிறது காகம்; அந்தக் குணம் உள்ளவர்களுக்குத்தான் செல்வம் சேரும் என்கிறார். இங்கே ‘கத்தி உண்ணும்’ என்று போட்டுப் பாருங்கள், குறள் சப்பென்று போய்விடும். ‘கரவா கரைந்து’ என்று ஒரே ஓசையில் இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்திருப்பதையும் பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். காகத்தின் சத்தமே அதில் கேட்கும்.

வகுப்பில் நான் சொல்லும் உவமை பெரட்டு, தோட்டத்தில் காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டுவது. விடியற்காலையில் தப்பு அடித்து ஆட்களைப் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிட்ட காலத்தைத் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பார்கள். தப்பு சும்மா சத்தம் போடவில்லை, ஆளைக் கூப்பிட்டது. காகமும் அப்படித்தான் என்றால் பின்வரிசைப் பிள்ளைக்கும் புரிந்துவிடுகிறது.

பிளேன்டீயில் சீனி கரைகிறது. காகமும் கரைகிறது. இரண்டும் ஒரே சொல்லா?

எழுத்து ஒன்று, சொல் வேறு. உருகிக் கலக்கிற கரை வேறு, கூப்பிடுகிற கரை வேறு. தண்ணீர் விழுகிற பீலியின் ஓரத்தைப் பீலிக்கரை என்கிறோமே, அந்தக் கரை மூன்றாவது.

வேறு வேறு என்று எப்படித் தெரியும்? பக்கத்து மொழிகளைப் பார்த்தால் தெரியும். கன்னடத்தில் கூப்பிடுவதற்குக் ‘கரெ’ என்பார்கள். இன்றைக்குத் தொலைபேசி அழைப்புக்கும் அதே ‘கரெ’தான். உருகுவதற்கு அவர்களிடம் ‘கரகு’ என்று தனிச் சொல் இருக்கிறது. அங்கே தனித்தனியாக நிற்கிற இரண்டும் தமிழில் ஒரே உருவத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டன. மலையாளத்தில் ‘கரயுக’ என்றால் அழுவது. மலையாளப் படங்களில் ‘கரயல்லே’ என்று தேற்றுவதைக் கேட்டிருப்பீர்கள், அழாதே என்கிறார்கள். காக்கை கத்துவதற்கும் அவர்களுக்கு அதே சொல்தான். ஆக, கன்னடக்காரர் கூப்பிடுவதை எடுத்துக்கொண்டார், மலையாளி அழுவதை எடுத்துக்கொண்டார், நாம் அந்தச் சொல்லைக் காகத்துக்கு விட்டுவைத்தோம்.

‘அழுது கரைந்தாள்’ என்று தமிழில் எழுதும்போது மட்டும் குழப்பம் வரும். கண்ணீராய் உருகினாளா, வாய்விட்டு அழுதாளா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். சொற்களுக்குள் இப்படிக் கலப்பு நடந்தால் பாட்டெழுதுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

இந்தச் சொல் எவ்வளவு பழையது?

சங்கப் பாட்டுகளிலேயே காகம் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு பாட்டுகளைச் சொல்கிறேன்.

முதலாவது குறுந்தொகை 210. வெளியூர் போயிருந்த தலைவன் திரும்பி வருகிறான். அவன் வரும்வரை தலைவியைத் தேற்றி வைத்திருந்ததற்காகத் தோழிக்கு நன்றி சொல்கிறான். தோழியோ, எனக்கு எதற்கு நன்றி, காக்கைக்குச் சொல்லு என்கிறாள். நள்ளி என்ற வள்ளலின் காட்டில் இடையர்களின் பசுக்கள் தந்த நெய்யை, தொண்டி என்ற ஊரில் விளைந்த வெண்ணெல் சோற்றில் ஊற்றி, ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் போதாதாம், ‘விருந்துவரக் கரைந்த காக்கையது பலி’க்கு. அந்தப் பாட்டைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கை பாடினியார் என்ற பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது.

‘விருந்து வரக் கரைந்த’ என்ற தொடரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். விருந்து வரப்போகிறது என்று காகம் தகவல் சொன்னதாக இல்லை. விருந்து வரட்டும் என்று கூப்பிட்டதாக இருக்கிறது. கேரளத்திலும் காக்கை ‘விருந்து விளிக்குந்நு’ என்பார்கள், விருந்தைக் கூப்பிடுகிறது என்று. பாட்டின் நினைப்பு அங்கே பேச்சிலேயே இருக்கிறது.

இரண்டாவது ஐங்குறுநூறு 391. காதலனோடு போய்விட்ட மகளை நினைத்துத் தாய் காகத்திடம் பேசுகிறாள். உன் சுற்றத்தோடு நிறையச் சாப்பிட, கொழுப்போடு சேர்ந்த இறைச்சியைப் பொன் கலத்தில் தருகிறேன், என் மகள் வரும்படி ‘கரைந்தீமே’, கரையேன் என்று கெஞ்சுகிறாள்.

இந்தப் பாட்டைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அப்பாயிதான், அப்பாவின் அம்மாதான், ஞாபகம். 1964 ஒக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது; இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. லயம் லயமாக ஆட்கள் கிளம்பினார்கள். அப்பாயியின் தங்கச்சி குடும்பமும் ரயில் ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு குசினிக் கூரையில் காக்கா கத்தினால் அப்பாயி ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளித் தகரத்தில் போட்டுவிட்டுச் சொல்வார்: “கோத்தகிரியிலருந்து கடுதாசி வரும்.” வருகிற நாளும் உண்டு, வராத நாள்தான் அதிகம். ரொட்டித் துண்டு மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐங்குறுநூறு என்ற பேரைக் கூடக் கேட்டிருக்க மாட்டார்.

காகம் கரைந்தால் உண்மையிலேயே விருந்து வருமா?

வந்தால் ஒரு பிடி அரிசி கூடப் போடுங்கள்.

காகம் எல்லா நேரமும் ஒரே மாதிரியா கரைகிறது?

இல்லை. காது கொடுத்தால் பிரித்துக் கேட்கலாம். எங்கள் தோட்டங்களில் அதிகம் காண்பது முழுக் கருப்பான அண்டங்காக்கை. கழுத்தில் சாம்பல் நிறம் உள்ள ஊர்க்காக்கை கரையோர நகரங்களில் மொய்க்கிற இனம். ஊர்க்காக்கையின் ‘கா’ கொஞ்சம் மூக்கால் வருகிற மாதிரி இருக்கும். அண்டங்காக்கையின் குரல் கனமானது, அடித்தொண்டையில் ‘க்ரா’ என்று வரும்.

ஒரு காலையில் பனி விலகாத நேரம் குசினிச் சுவருக்கு இரண்டு முழத் தூரத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. நான் அசையாமல் நின்றேன். முதலில் தகரத்தில் நகம் கீறுகிற சத்தம். பிறகு தலையைத் தாழ்த்தி, தோளைத் தூக்கி, தொண்டை இறகெல்லாம் சிலிர்க்க, உடம்பு முழுவதையும் முன்னால் தள்ளி ஒரு ‘க்ரா’. யாருக்கோ கும்பிடு போடுகிற மாதிரி ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு குனிவு. வாயின் உட்புறம் மங்கலாகத் தெரிந்தது. நாலு தடவை அப்படிச் செய்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டது. சவுக்கு மரத்துப் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது. கரைதல் என்றால் அழைத்தல் என்று எந்த அகராதியையும் விட அந்தத் தலைச்சாய்ப்பு எனக்குத் தெளிவாகச் சொன்னது.

தனியாக நின்று இழுத்துக் கரைவது ஒன்று. பருந்தையோ பாம்பையோ கண்டால் கூட்டம் கூடி அடுக்கடுக்காய்க் கத்துவது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டால் பெரியவர்கள் விளையாடுகிற பிள்ளைகளை உடனே வாசலுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். கொழுந்து பறிக்கிற இடத்திலும் அப்படித்தான், அந்தச் செடிப் பக்கம் கை வைக்கமாட்டார்கள்.

வள்ளுவர் சொன்னபடி காகம் ஒளிக்காமல்தான் சாப்பிடுமா?

கூப்பிட்டுச் சாப்பிடுவதும் உண்டு, ஒளித்து வைப்பதும் உண்டு. கிடைத்தது அதிகமானால் காக்கைகள் கொண்டுபோய்ச் செருகி வைக்கும். எங்கள் வீட்டுக் கூரைப் பீலியில் ஒரு தடவை தண்ணீர் அடைத்தது. ஏறிப் பார்த்தால் அரை ரொட்டி, ஒரு கோழி எலும்பு, சவர்க்காரத் துண்டு ஒன்று. குறளை நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டேன். வள்ளுவர் பறவையைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை, மனிதர்களுக்குச் சொல்ல ஓர் உவமையை எடுத்துக்கொண்டார். அந்த உவமையிலேயே ‘கரவா’ என்று அழுத்திச் சொல்லியிருப்பதைப் பார்த்தால், ஒளிக்கிற காகத்தையும் அவர் கண்டிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நாம் ‘கரைச்சல்’ என்கிறோமே, அதற்கும் காகத்துக்கும் தொடர்பு உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு தரம் 5 பையன். எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

இலங்கைத் தமிழில் கரைச்சல் என்றால் தொல்லை. ‘கரைச்சல் குடுக்காதடா’, ‘அந்தக் கொந்தரப்பு வேலையில பெரிய கரைச்சல்’, ‘ஒரு கரைச்சலும் இல்ல’. யாழ்ப்பாணத்திலும் சொல்வார்கள், மலையகத்திலும் சொல்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டு முழிப்பார்கள். அவர்களுக்குக் கரைச்சல் என்றால் மாவு கரைப்பது மாதிரி எதையோ கரைப்பதுதான்.

சொல் அமைந்த விதத்தைப் பாருங்கள். இரை என்ற வினையிலிருந்து இரைச்சல். அலை என்பதிலிருந்து அலைச்சல். புகை என்பதிலிருந்து புகைச்சல். அதே தடத்தில் கரை என்பதிலிருந்து கரைச்சல். எந்தக் கரை என்பதுதான் கேள்வி. உருக்குகிற கரை என்பார் உண்டு: ஆளை உருக்கி எடுக்கிற தொல்லை. என் கட்சி சத்தத்தின் கரை. தொல்லை என்பது முதலில் காதுக்குத்தான் வருகிறது. ஓயாமல் கூப்பிடுகிறவன், நச்சரிக்கிறவன், ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்கிறவன் கொடுப்பதுதான் கரைச்சல். காலை ஆறு மணிக்குத் தகரக் கூரையில் நாலு காக்கைகள் உட்கார்ந்து ஆரம்பிக்கும்போது இந்த விளக்கத்தை யாரும் மறுப்பதில்லை.

சிங்களத்துக்கும் இந்தச் சொல் போயிருக்கிறது. ‘மட்ட கரச்சல் கரன்ன எபா’ என்று டவுனில் கடைக்காரர் சொல்வதைத் தினமும் கேட்கலாம். எனக்குத் தொல்லை தராதே என்கிறார். பாடப் புத்தகத்தில் காகத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்த ஒரு சொல்லின் பிள்ளை, பஸ் ஸ்டாண்டில் இரண்டு மொழியிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. புள்ளி குறைந்த அந்த மாணவியின் அம்மாவும் அன்றைக்குப் போகும்போது, “ஒங்களுக்குக் கரைச்சல் குடுத்துட்டேன் சேர்” என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாளும் கரையவில்லை என்றவர் வாயிலேயே அந்தச் சொல் இருந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

‘கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்’ என்பதில் எந்தக் கரை?

உருகுகிற கரை. கல் எங்கே கூப்பிடப் போகிறது? ஆனால் கல்லைக் கரைக்கிறவர் எதைக் கொண்டு கரைக்கிறார் என்று பார்த்தால் பேச்சைக் கொண்டுதான். தோட்டத்து அதிகாரியான தொரையிடம் போய் ஒரு நாள் லீவு வாங்க வேண்டுமென்றால் யாரை அனுப்புவோம்? நன்றாகக் கரைக்கத் தெரிந்தவரைத்தான்.

கரையும், கறையும்: எது சரி?

காகத்துக்கு இடையின ர. கறை என்றால் அழுக்கு, களங்கம். கொழுந்து பறிக்கிற விரலில் படிகிறதே, அது கறை. நம் பேச்சில் இரண்டு எழுத்துக்கும் ஒலி ஒன்றாகிவிட்டதால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். காகம் கரியதுதானே, அதனால் கறை என்று ஒரு பையன் விளக்கம் வேறு சொன்னான். தர்க்கம் நன்றாகத்தான் இருந்தது.

மற்றப் பறவைகளுக்கு என்ன சொல்ல வேண்டும்?

பரீட்சைக்கு வேண்டியவை: மயில் அகவும், குயில் கூவும், சேவல் கூவும், கோழி கொக்கரிக்கும், ஆந்தை அலறும், கூகை குழறும், கிளி கொஞ்சும் அல்லது மிழற்றும், புறா குனுகும், குருவி கீச்சிடும்.

இவற்றில் அகவுதலும் கரைதலைப் போலவே அழைத்தல்தான். குறுந்தொகை 23இல் ஒளவையார் ‘அகவன் மகளே’ என்று குறி சொல்கிற பெண்ணை விளிக்கிறார். பாட்டுப் பாடித் தெய்வத்தை அழைக்கிறவள் அவள். ஆசிரியப்பாவின் ஓசைக்கு அகவல் என்று பெயர். கூவுதலும் அழைத்தல்தான். கூப்பிடு தூரம் என்ற அளவே அதிலிருந்து வந்தது. சிங்களக் கிராமங்களிலும் ‘ஹூ’ போட்டால் எட்டுகிற தூரத்தை ஓர் அளவாக வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் அந்தக் கணக்கு வேறு மாதிரி. இந்த மலையில் நின்று அந்த மலைக்குக் கூப்பிட்டால் கேட்கும், பதில் சொல்ல நடந்து போனால் ஒரு மணித்தியாலம்.

குயில்தான் பாடும் பறவை, காகம் கத்தும் பறவை. அப்படித்தானே?

பறவை நூல்களின் வகைப்படி தலைகீழ். பாடும் பறவைகள் என்ற பெரிய பிரிவில் காக்கைக் குடும்பம் இருக்கிறது. குயில் அதில் இல்லை, அதற்குத் தனி வரிசை. ‘கூ’ என்று கூவுவதும் ஆண் குயில். புள்ளி போட்ட பெண் குயில் ‘கிக் கிக்’ என்று அவசரக் குரல் கொடுக்கும். அது முட்டையிடுவதும் காக்கைக் கூட்டில். சித்திரைப் புத்தாண்டு சமயம் சிங்கள நண்பர்கள் ‘கொஹா’வின் குரலைக் கேட்டுப் பூரிப்பார்கள். அந்தக் கொஹாவை இரை ஊட்டி வளர்த்தது ஒரு காக்கை என்பதை யாரும் பேசுவதில்லை.

இலங்கையில் காக்கைக் குடும்பத்தில் மூன்று இனங்கள் இருக்கின்றன. இரண்டு நமக்குத் தெரிந்த கருப்புக் காக்கைகள். மூன்றாவது சிங்களத்தில் கெஹிபெல்லா என்கிற நீலப் பறவை. நீல உடம்பு, தலையும் இறக்கையும் செம்பழுப்பு, அலகும் காலும் சிவப்பு. மழைக்காட்டில் வாழும், உலகில் வேறெங்கும் இல்லை. அதுவும் கரையுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். குடும்பப் பேரை வைத்துப் பார்த்தால் கரையலாம் என்றேன்.

இதை வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். கேட்ட சத்தத்தைக் கேட்டபடியே கொப்பியில் எழுதச் சொல்கிறேன்: க்ரா, கீ, டிக் டிக், எது வேண்டுமானாலும். பிறகு, அது யாரைக் கூப்பிட்டிருக்கும் என்று கேட்கிறேன். சொல் அதற்குப் பிறகுதான்.

போன வருடம் அப்படி ஜன்னலைத் திறந்ததும் ஓர் அண்டங்காக்கை வந்து கம்பியில் உட்கார்ந்து ஆரம்பித்தது, நிறுத்தவேயில்லை. முன்வரிசைப் பிள்ளை எழுந்து, புத்தகத் தமிழில், “சேர், காகம் கரைகிறது” என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல்: “இல்லடி, கரைச்சல் குடுக்குது.”

இரண்டு பேருக்கும் முழுப் புள்ளி போட்டேன்.